கோவிலின் ஒரே பொன்னாடை

ரூபினி போர்வையின் கடைசி வரித் தையலுக்கு ஊசியை இறக்கிய நேரம் பார்த்துத்தான் மாமனார் அலமாரியைக் குடைய ஆரம்பித்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தைத்து முடித்த பகுதியைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி மெஷினுக்குள் திணித்து, மிதியை மெல்ல அழுத்தினாள்.

நேர்த்தையல், கோணல் தையல், இரண்டைத் தவிர வேறொன்றும் அறியாத மலிவு மெஷின் அது. மூன்றடுக்குத் துணியைக் கொடுத்தால் மேல்துணி ஒரு பக்கம் ஓடும், அடித்துணி இன்னொரு பக்கம் ஓடும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வா, ஊக்குகளை நெருக்கமாகக் குத்து என்று யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மேலே மிச்சத்துணிச் சதுரங்கள். அடியில் மஞ்சள் வாத்துக்குஞ்சுகள் போட்ட மெத்தென்ற துணி. நடுவில் வைக்கும் பஞ்சுத்தகடு தானா ராத்தா டவுன் கடைகள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டில் கண்ணில் பட்ட ஒரு பழைய துணியை அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டாள். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் பாச்சை உருண்டை வாசம் வந்தது.

வாத்துக்குஞ்சைப் பார்த்தாலே போர்வை யாருக்கென்று தெரிந்துவிடும். அதுதான் சங்கடம்.

பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று ஒரு கைக்குட்டைகூடச் சேர்க்கக்கூடாது என்பது மாமியார் அம்மாக்கண்ணுவின் சட்டம். ரூபினிக்கு இது ஏழாம் மாதம். ஈப்போ வெயிலில் வளர்ந்தவள். இந்த மலைக்குளிரில் பிள்ளையை எதில் சுற்றுவது என்ற கவலையிலேயே அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. மாமியார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் நேரமெல்லாம் திருட்டுத்தனமாகத் தைத்தாள்.

"ரூபினி, அந்தப் பொன்னாடைய பாத்தியாம்மா? செவப்பு கலரு, ஓரத்துல சரிகை போட்டது. டத்தோ காரு ரிங்லெட் டவுன தாண்டிருச்சாம் லா."

மாமனார் சுப்பிரமணியம் எஸ்டேட் கோவிலின் தலைவர். கோவிலுக்குப் புதிதாகக் கட்டிய கழிப்பறையைத் திறந்துவைக்க டத்தோ பட்டம் வாங்கிய குகனேஸ்வரன் வருகிறார். கழிப்பறை அவர் உபயம். கோவில் கூரைக்குத் தகரமும் அவரிடம்தான் கேட்க வேண்டும். பொன்னாடை போர்த்தாமல் ஒரு கழிப்பறையை எப்படித் திறப்பது?

அலமாரிக்குள் தலையை விட்டபடியே அவர் புலம்பினார். அந்தப் பொன்னாடையின் பெருமை முழுவதும் ரூபினிக்கு இப்போதுதான் தெரியவந்தது.

அவர் தலைவரானபோது வாங்கியது அது. அதற்குப் பிறகு இன்னொன்று வாங்கும் அவசியமே வரவில்லை. பெரிய மனிதர் தோளில் அது விழும். படம் எடுப்பார்கள். பேச்சு முடிவதற்குள் நாற்காலி முதுகுக்குப் போய்விடும். ஒருவர்கூட அதை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. மாமா எடுத்து வந்து உதறி, மடித்து, அடுத்த பெரிய மனிதருக்கு வைத்திருப்பார். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்ட கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே துணிதான் மரியாதை.

ரூபினியின் கால் மிதியில் அழுந்திவிட்டது. மெஷின் தடதடவென்று ஓடி, நூலை அறுத்துக்கொண்டு நின்றது.

மாமா திரும்பினார். "அது என்னாம்மா தைக்கிற?"

அவள் வாத்துக்குஞ்சுகளை மடியோடு அமுக்கிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மாமியாரிடம் போகும். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"டத்தோவுக்குத்தான் மாமா. கையாலயே தைச்சுப் போடலாம்னு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மருமகளா என்று நெகிழ்ந்துபோனார். அவள் ஊக்குகளைப் பிடுங்கி முடிப்பதற்குள் போர்வையை வாங்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடினார்.

ரூபினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அழுகை முட்டியது. ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. பொன்னாடையை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்? எப்படியும் நாற்காலியில்தான் விட்டுப்போவார். கூட்டம் கலைந்ததும் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

டத்தோ பூப்போட்ட மெல்லிய பாத்திக் சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றார். மூடுபனி கழிப்பறைவரை இறங்கியிருந்தது. போர்வை அவர் முதுகில் பாதிவரைதான் எட்டியது. காற்றில் ஓரம் புரண்டு வாத்துக்குஞ்சுகள் வெளியே தெரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

ரிப்பனை வெட்டினார். குழாயைத் திறந்து காட்டினார். மைக்கைப் பிடித்தார்.

போர்வை நாற்காலிக்குப் போகவில்லை. இரு முனைகளையும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். அந்தக் குளிரில் இரண்டு வார்த்தையில் முடிய வேண்டிய பேச்சு, சூடு ஏற ஏற நீண்டுகொண்டே போனது. கூரைக்குத் தகரம் தருவதாக அவரே அறிவித்தார்.

"எத்தனையோ எடத்துல பொன்னாடை போட்டிருக்காங்க. கதகதன்னு ஒண்ணு போட்டது நீங்கதான். இத நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்," என்றார்.

கைதட்டல் அடங்கவே இல்லை. ரூபினி மட்டும் தட்டவில்லை. பிள்ளைக்கென்று பார்த்துப் பார்த்துத் தைத்தது அவள் கண் முன்னாலேயே காரில் ஏறியது. கண்ணாடியில் ஒரு வாத்துக்குஞ்சு ஒட்டிக்கொண்டு தெரிந்தது.

மாமா பூரிப்போடு அவளருகில் வந்தார்.

"அந்தப் பழைய பொன்னாடைய தேடி வெச்சிரும்மா. கூரை தெறப்புக்கு ஆவும்."

இத்தனை வருடமாக யாருமே கொண்டுபோகாத அந்தப் பொன்னாடை, மிச்சத்துணிச் சதுரங்களுக்கும் வாத்துக்குஞ்சுகளுக்கும் நடுவே, டத்தோவின் தோளில் கதகதப்பாக மலை இறங்கிக்கொண்டிருந்தது.