திறந்த வாய்

பக்கவாதம் தொண்டையை முடக்கியதிலிருந்து மிக்கேலம்மாளுக்கு வேளை தவறாமல் மூக்குக் குழாய் வழியேதான் கஞ்சி இறங்கியது. எட்டு மாதத்தில் பசி என்பதே மறந்துபோயிற்று. பேச்சும் போய்விட்டது, ஏதாவது கேட்டால், ஆமென்பதற்கு ஒருதரம் கண்ணை மூடித் திறப்பாள். கேட்கத்தான் ஆளில்லை. அந்த முதியோர் இல்லத்தில் அவளைத் தேடி வருகிறவர், மாதத்தின் முதல் வெள்ளியன்று வரும் சாமியார் மட்டும்தான்.

இந்த வெள்ளி முதன்முறையாக அவர் நற்கருணை அப்பத்தில் கடுகளவு கிள்ளித் தண்ணீரில் கரைத்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லிக் குழாயில் ஊற்றினார். அறுபது வருஷமாக அப்பமாய் நாக்கில் வந்து இறங்கிய ஆண்டவர், இன்று நாக்கைத் தொடாமலே கஞ்சி போகும் வழியில் போய்க்கொண்டிருந்தார். மிக்கேலம்மாள் வாயைத் திறந்தாள்.

"உள்ளே போயிருச்சும்மா. ஆண்டவர் வந்துட்டார்" என்றார் சாமியார்.

வாய் மூடவில்லை. அவர் அவள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார்.

மத்தியானம் நர்ஸ் வந்து கஞ்சியை ஊற்றி முடித்து, குழாயை மூடினாள். வாய் அப்போதும் திறந்தே இருந்தது.

"வயிறு நிறைய ஊத்தியாச்சே. இன்னுமாம்மா பசிக்குது?"

மிக்கேலம்மாள் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தாள்.