அமானிதம்

“ஐடி காட் பறிச்சிரிக்கா? யார் மிஸ் அப்பிடிச் சொன்ன? எல்லாம் அமானிதமா அலுமாரிக்குள்ள இரிக்கி.”

சொன்னவர் ஸ்டோர் முதலாளி றிப்தி. புத்தளத்துப் பாலாவியைத் தாண்டி, கடல்நீர் ஏறும் களப்புக் கரையில் அவருடைய பழைய போத்தல் ஸ்டோர். ஊரெல்லாம் பொறுக்கிய பிளாஸ்டிக் போத்தல்கள் அங்கே வந்து குவியும். பெண்கள் மூடி கழற்றி, சுற்றுத்தாள் உரித்து, நிறம் பிரித்துச் சாக்கில் கட்டுவார்கள்.

அந்தச் சாக்குகளை வாங்கும் கழிவு முகாமைத்துவக் கம்பனியிலிருந்து சுஜாந்தி வந்திருந்தாள். தாங்கள் வாங்கும் பொருளுக்குப் பின்னால் விருப்பமில்லாமல் அடைபட்ட மனிதர்கள் யாரும் இருக்கக்கூடாது என்பது கம்பனியின் சட்டம். அதைப் பார்ப்பது அவளுடைய வேலை.

தனியாக வந்தது இதுதான் முதல் தடவை.

இந்த வேலைக்கென்று போன மாலை வகுப்பில் படித்தபடியே செய்தாள். முதலாளியைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் சாக்கில் குந்தி, தாளில் இருந்த கேள்வியை மாற்றாமல் கேட்டாள்.

“உங்கட அடையாள அட்டையை முதலாளி பறிச்சு வச்சிருக்கிறாரோ?”

இல்லை என்றார்கள். எல்லோரும் இல்லை என்றார்கள்.

“பறிக்கிறதுக்கு அவரென்ன பொலிசா மிஸ்?” என்றாள் சுற்றுத்தாள் உரித்துக்கொண்டிருந்த பளீலா. சிரிப்பு அந்தக் குவியலிலிருந்து இந்தக் குவியலுக்குத் தாவியது.

சுஜாந்தியும் சிரித்தாள். இல்லை என்பதற்கு நேரே அடையாளம் போட்டாள்.

போட்ட பிறகுதான் மனம் இடறியது. சற்றுமுன் பளீலா வேறொன்றும் சொல்லியிருந்தாள். உப்பளத்தில் அவளுக்கு வேலை சரிவந்ததாம். அட்டை இல்லாமல் வாசல் படலைக்குள் விடமாட்டோம் என்றார்களாம். அதனால் போகவில்லையாம்.

“அட்டைதான் அலுமாரிக்குள்ள இருக்கே. கேட்டனீங்களோ?”

பளீலா கையிலிருந்த போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் உரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

சுஜாந்திக்கு இப்போது விளங்கியது. யாரும் பொய் சொல்லவில்லை. பிழை கேள்வியில் இருந்தது. இங்கே யாரும் எதையும் பறிக்கவில்லை. இவர்கள் தாங்களாகவே கொடுத்தார்கள். நம்பிக் கொடுத்ததற்குப் பெயர் அமானிதம். அதைப் போய்ப் பறிப்பு என்று எந்த வாயால் சொல்வார்கள்? திருப்பிக் கேட்டாலே நம்பவில்லை என்றாகிவிடும்.

உள்ளதை எழுதிக்கொண்டு போனால் கம்பனி வாங்குவதை நிறுத்திவிடும். ஸ்டோர் மூடப்படும். அட்டையும் இல்லை, வேலையும் இல்லை என்று இவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். எழுதாமல் போனால் பளீலா இங்கேயே கிடப்பாள்.

எழுதுவதற்கு முன் அட்டைகள் இவர்கள் கைக்கு வரவேண்டும். வேறு வழியில்லை.

ஆனால் அந்தச் சொல் அவளுடைய வீட்டுச் சொல் அல்ல. அவர்களுடைய மார்க்கத்துச் சொல். தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரப் பெண்ணான தான் அதை எடுத்துப் பேசலாமா?

எழுந்து நடுவில் நின்றாள். றிப்திக்கும் கேட்கும்படியாக, அவரை அண்ணன் முறை வைத்தே பேசினாள்.

“றிப்தி நானா, நான் புத்தளத்தில படிச்சனான். அமானிதமெண்டா, உரிய ஆள் கேட்ட உடன திருப்பிக் குடுக்கோணும் எண்டு கூடப் படிச்ச பிள்ளையள் சொல்லுவினம். பிழையெண்டாச் சொல்லுங்கோ.”

றிப்தி ஓர் எட்டு முன்னே வந்தார்.

“அது சரிதான் மிஸ். ஆனா ஒத்தரும் கேக்கல்லயே.”

ஒருவரும் நிமிரவில்லை. களப்புக் காற்றில் வெறும் போத்தல்கள் உருண்டன. அவசரப்பட்டுவிட்டேனோ, நான் போன பிறகு இவர்கள் அல்லவா ஏச்சு வாங்குவார்கள் என்று சுஜாந்தி யோசித்தாள்.

மூலையில் மூடி கழற்றிக்கொண்டிருந்த றஹ்மத் உம்மா எழும்பினார். அங்கே இருந்தவர்களில் வயது கூடியவர். சுஜாந்தி உள்ளே வந்தபோது, “இப்பிடி நெழலுக்க வாங்க மகள்” என்று கூப்பிட்டவரும் அவர்தான்.

“நான் கேக்கிறேன் மகன். என்ட காட்டத் தாங்க.”

“உம்மா, நீங்க சும்மா இரிங்க. இப்ப எங்க போகப் போறீங்க?”

“எங்கயும் போகல்ல. தந்தவ நான். கேக்கிறதும் நான்.”

றிப்தி சுஜாந்தியைப் பார்த்தார். அவள் பேனையை மூடிப் பைக்குள் வைத்தாள். சாக்கின்மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க ஆறுதலா எடுங்கோ நானா. நான் இருக்கிறன்.”

அவர் சாவியோடு உள்ளே போனார். அலுமாரிக் கதவு முனகுவது கேட்டது. றஹ்மத் உம்மா வாசலில் நின்று கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒருத்தி போய் நின்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு குவியல்களுக்குப் பக்கத்தில் பளீலா மட்டுந்தான்.

அவளும் எழும்பினாள். சுஜாந்தி அவளுடைய கையைப் பிடித்தாள்.

“அக்கா, நாளைக்கு இந்த றஹ்மத் உம்மாவ வேலையால நிப்பாட்டிப் போடுவாரோ?”

பளீலா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

“பெத்த உம்மாவ எப்பிடி மிஸ் நிப்பாட்டுற?”

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“மொதக் காட் குடுத்ததும் அவதான். உம்மாவே குடுக்கிறா எண்டுதானே நாங்களும் குடுத்த.”

சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.