ராணி கூவுகிறாள்

“உங்க வீட்ல சேவல் இருக்காம்மா?”

காலனிச் சங்கத்தின் செயலாளர் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார். கையில் ஒரு கடிதம்.

“சேவலா? சேச்சே! நாலும் பெட்டைதான் சார். உங்க ரெஜிஸ்டர்லயே எழுதிக் கொடுத்திருக்கேனே” என்றாள் தையல்காரி. பாதி தைத்த ஸ்கூல் யூனிஃபார்மோடு வாசலுக்கு ஓடி வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா கொல்லைப்புறத்திலிருந்து அந்தச் சத்தம் வரவேண்டும்?

“கொக்கரக்கோ!”

செயலாளர் அவளைப் பார்த்தார். அவள் கேட்டைப் பார்த்தாள்.

“அது... ராணி சார்.”

“கூவுதேம்மா!”

“கூவலை சார், கொக்கரிக்குது. முட்டை போட்டா அப்படித்தான். ராணின்னு பேர் இருந்தா பெட்டையாத்தானே சார் இருக்கும்?”

பேர் வைத்தது உண்மைதான். குஞ்சுகளை விற்றவன் நாலும் பெட்டை என்று சத்தியம் செய்திருந்தான். அதில் கொழுகொழுவென்று இருந்ததற்கு ஆசையாக ராணி என்று பேர் வைத்து, ரெஜிஸ்டரிலும் ஏற்றியாகிவிட்டது. நாலாம் மாதம் ராணிக்குக் கொண்டை சிவந்தது, வால் வளைந்தது. ஒருநாள் கூட்டின் மேல் ஏறி நின்று கூவியும் விட்டாள். பேரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

“இதோ பாருங்கம்மா, பேர் போடாம ஒரு புகார் வந்திருக்கு. பெட்டைக்கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. அதான் விதி. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல விசாரிப்போம். சேவல்தான்னு ஆச்சுன்னா கூட்டையே எடுத்துடணும்.”

“கூட்டையேவா?” ஊன்றுகோலோடு உள்ளேயிருந்து வந்த அவள் கணவர் பதறிப்போனார்.

“ஆமா சார். பர்மிஷனே ரத்து.”

தையல்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன் அவர். விபத்தில் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்து, “இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி” என்று டாக்டர் சொன்ன பிறகும் எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில்தான் நாலு குஞ்சுகளை வாங்கி வந்து கொல்லையில் விட்டாள். “எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல கிடக்கு. நீங்க பார்த்துக்கலைன்னா காக்கா தூக்கிட்டுப் போயிடும்” என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காக்காவை விரட்ட எழுந்தார். அன்று ஆரம்பித்த நடைதான், இப்போது காலையும் மாலையும் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கோழிகள் போனால் பழையபடி கட்டிலில் விழுந்துவிடுவாரே என்பதுதான் அவளுடைய பயமெல்லாம்.

செயலாளர் போனதும் கணவர் மெல்லச் சொன்னார். “ராணியை மட்டும் யாருக்காவது கொடுத்துடலாமா?”

“சும்மா இருங்க! அது பின்னாடி சுத்தித்தானே நீங்க நடக்கவே ஆரம்பிச்சீங்க? ஒண்ணையும் விடமாட்டேன். எல்லாம் இந்த நர்சம்மா பண்ற வேலை!”

ஒட்டுச்சுவர் வீட்டு நர்ஸ். நைட் டூட்டி முடிந்து காலையில் வருவாள். யாரிடமும் சிரிக்கமாட்டாள். ராணி ஒருமுறை கூவினால் ஒரு ஜன்னல், இன்னொருமுறை கூவினால் இன்னொரு ஜன்னல் என்று படார் படாரென்று சாத்துவாள். வேறு யார் புகார் எழுதியிருக்க முடியும்?

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் கொடுத்துவந்த முட்டை நின்றது. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் தையல்காரி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் செயலாளர் நேராக நர்சைத்தான் கேட்டார்.

“சிஸ்டர், உங்க சுவரை ஒட்டித்தான் கூடு இருக்கு. நீங்களே சொல்லுங்க. அது கூவுதா, கொக்கரிக்குதா?”

நர்ஸ் எழுந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கொக்கரிக்கிற சத்தம்தான் சார் கேட்டிருக்கேன்.”

“கூவினது?”

“கேட்டதே இல்லை.”

பக்கத்து வீட்டுக்காரியே சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன பேசுவது? புகார் தள்ளுபடி.

தையல்காரிக்கு ஒன்றுமே புரியவில்லை. மறுநாள் காலை ஆறு முட்டைகளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சமையலறையில் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே ஒரு மெத்தை, தலையணை, போர்வை.

“என்ன சிஸ்டர், இங்கேயா படுக்கறீங்க?”

நர்ஸ் சங்கடமாகச் சிரித்தாள். “பெட்ரூம் உங்க கொல்லைப் பக்கம் இருக்குக்கா. இங்கே கொஞ்சம் சத்தம் கம்மி.”

“அப்புறம் ஏன் கூட்டத்துல அப்படிச் சொன்னீங்க?”

“எலும்பு முறிவு வார்டுலதான்க்கா எனக்கு வேலை. நடங்க நடங்கன்னு நாங்க தலைகீழா நின்னாலும் எழுந்திரிக்காதவங்களைத் தினம் பார்க்கறேன். உங்க வீட்டுக்காரர் முதல்ல சுவரைப் பிடிச்சு நடந்தாரு. அப்புறம் ரெண்டு கோல். இப்போ ஒரே கோல். எல்லாத்தையும் ஜன்னல்ல பார்த்துட்டுதானே இருக்கேன்? அதைப் போய் நான் கெடுப்பேனா?”

இவளையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று தையல்காரிக்கு வெட்கமாக இருந்தது. முட்டைகளை மேடையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

கணவர் கொல்லையில் தீவனம் இறைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ராணியை இன்னைக்கே எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாம். மீதி மூணு பின்னாடி நடங்க. பாவம், அந்தப் பொண்ணு தூங்க இடமில்லாம சமையலறையில படுத்துக் கிடக்கு. உங்க நடை நின்னுடக் கூடாதுன்னு ஊர் முன்னாடி பொய் சொல்லியிருக்குங்க!”

கணவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அடக் கடவுளே! அந்தப் பொண்ணு நிம்மதியா தூங்கட்டும்னுதானே அந்தப் புகாரையே நான் எழுதிப் போட்டேன்!”