தேறாத இஸ்திரிப் பெட்டி

தாகேதா பேட்டையில் சாந்தகுமாரியின் வீட்டுக்குள் வந்த ரேவதி, புதிதாக வெள்ளையடித்த சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே இஸ்திரிப் பெட்டி அருகே போனாள். தையல் ஃபாக்டரியில் ப்ளக், ஒயர் எல்லாம் சோதிப்பதுதான் அவளுக்கு வேலை என்று சாந்தகுமாரிக்கு முன்பே தெரியும். இத்தனை கறாராக இருப்பாள் என்று தெரியாது.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது.

"ஏன் அணைக்கல?"

"கரண்ட் வந்தா இதுல லைட் எரிஞ்சு தெரியணுமில்ல? இந்தத் தெருவுல எல்லாரும் இப்படித்தான்."

"அதுக்கு ஒரு பல்ப் போதும். நீங்க கடைக்குப் போயிருக்கும்போது கரண்ட் வந்தா, வீடே எரிஞ்சிடும்."

ப்ளக்கைப் பிடுங்கியபோது பெட்டியின் ஒயர் பிய்ந்து கம்பி தெரிந்தது. ரேவதி அடுக்களைக்குப் போனாள். சோறு வடிக்கும் குக்கரின் ஒயரில் டேப் சுற்றியிருந்தது. கெட்டிலின் ப்ளக் கருகியிருந்தது. இரண்டையும் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"மூணுமே தேறாது."

"மாத்திடறோம்மா. மத்தபடி குறை ஒண்ணும் இல்லியே?" என்றாள் சாந்தகுமாரி.

கூடத்தில் காபியோடு காத்திருந்த தன் அப்பா அம்மாவை ரேவதி திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல அத்தை. இதையெல்லாம் மாத்திட்டுச் சொல்லி அனுப்புங்க. அப்புறம் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம்."

அதுவரை பட்டு லோஞ்சி என்ற பர்மியக் கைலியில் சுவரோரமாக நின்றிருந்த சாந்தகுமாரியின் மகன், மாப்பிள்ளை தேவராஜ், ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனான்.