தையல்கடை அம்மா கேட்ட பாடம்

"டீச்சர், கடையில பேசறது, பேங்க்ல பேசறது எல்லாம் அப்புறம் இருக்கட்டும். குறை சொல்றதுக்கு இங்கிலீஷ்ல என்னென்ன வார்த்தை இருக்கோ, அதை முதல்ல சொல்லிக் குடுங்க."

ஆங்கில வகுப்பே திரும்பிப் பார்த்தது. கேட்டவர் தையல்கடை அம்மா. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"கம்ப்ளெயின்னு போன வாரமே சொன்னேனேம்மா?"

"அது ஆபீஸ்ல பேசறது. வீட்டுக்குள்ள வாய்க்கு வந்தபடி பேசுவாங்களே, அது வேணும். ஞாயித்துக்கிழமை மருமக எங்களோடயே தங்க வர்றா. அதுக்குள்ள எனக்கு வந்தாகணும்."

மகன் வேறு தேசத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதும், அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதும் வகுப்புக்கே தெரியும்.

பக்கத்து நாற்காலி நர்ஸ் உதட்டைச் சுழித்தாள். "பாஷை தெரியாம அந்தப் பொண்ணு தப்பிச்சிருந்தா. இப்ப அதுக்கும் வேட்டு."

"எங்கம்மா தமிழ்ல பேசினதுக்கே நான் தனிக்குடித்தனம் போயிட்டேன்" என்றார் வேன் டிரைவர்.

டீச்சருக்கும் மனமில்லை. அவளுக்கும் வீட்டில் ஒரு மாமியார் உண்டு. வேண்டா வெறுப்பாகப் பலகையில் எழுதினாள்.

"கிரம்பிள்னா முணுமுணுக்கிறது. மோன்னா சதா புலம்பறது. ரான்ட்னா கோபத்துல பொரிஞ்சு தள்றது. வைன்னா சிணுங்கறது. ஆனா வைன் பண்ணாதேன்னு யார்கிட்டயும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடாதீங்க, மனசு நொந்துடும்."

"சரி. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி உயிரை எடுத்தா?"

"நேக். நச்சரிக்கிறது."

அம்மா ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார். ரான்ட் நாக்கில் புரளவில்லை. டிரைவர் சிரித்தார். அம்மா அவர் பக்கம் திரும்பாமல், சரியாக வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல வீசறது, சொன்னதைக் காதுல வாங்காம போனையே நோண்டறது, இதெல்லாம் எப்படி டீச்சர் சொல்லுவாங்க?"

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. வாழ வந்த பொண்ணை அவ பாஷையிலயே திட்டணுமா?"

அம்மா திகைத்துப் போனார்.

"நான் எதுக்கும்மா அவளைத் திட்டறேன்? போன தடவை வந்தப்ப, அடுப்படியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு மளமளன்னு என்னமோ சொன்னா. கண்ணுல தண்ணி வேற. நான் பொம்மை மாதிரி தலையை ஆட்டினேன். எனக்கு எதுவும் புரியலைன்னு தெரிஞ்சதும் பாதியிலேயே நிறுத்திட்டா."

அம்மா மறுபடி பலகையைப் பார்த்தார்.

"என் பையனைப் பத்திக் குறை சொல்ல, என்னை விட்டா அவளுக்கு இங்க யாரு இருக்கா?"