எல்லைக்கல்லில் போடாத அதட்டு

நாய் பெஞ்சுக்கு அடியில் படுத்து, அவளுடைய ஷூவின் மேல் தாடையை வைத்திருந்தது.

அவள் காலை நகர்த்தவில்லை.

டீக்கடை அக்கா குனிந்து பார்த்தாள். பார்த்தவள் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது குண்டுப்பாறை நாச்சம்மா வீட்டுக் கருவாயன்ல?"

மலைமேல் இருக்கும் குண்டுப்பாறைதான் அக்காவுக்குப் பிறந்த ஊராம். இந்தச் சந்தை ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவளாம்.

பெஞ்சில் இருந்தவள் தலையை ஆட்டினாள்.

நேற்று தங்கியது நாச்சம்மா வீட்டில்தான். சுடுசோறு, பட்டாணிக் குழம்பு, மலைப்பூண்டைத் தணலில் சுட்டு நசுக்கிய துவையல். வெளியே நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. பூண்டுக் காட்டில் பன்றி இறங்காமல் காப்பது அதுதான் என்றாள் நாச்சம்மா. அறுப்பு நெருங்கிவிட்டது. ஒரு ராத்திரி அது இல்லையென்றால் வருஷத்து வெள்ளாமை போச்சு.

காலையில் வழிக்கு ராகிக் கொழுக்கட்டை கட்டிக் கொடுத்தபோதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். நாய் எல்லைக்கல் வரை கூட வரும். அங்கே நின்று ஒரு அதட்டுப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். யாரோடு வந்ததோ அவர்கள்தான் போட வேண்டும். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காது.

எல்லைக்கல் வந்தது. மஞ்சள் பூசிய கல்.

நாய் தானாகவே நின்றது.

அதற்கு அப்பால் சோலைக்காடு. பகலிலேயே இருட்டு. பாதையில் ஓர் ஆள் இல்லை. தனியாக மலை ஏறப் போகிறேன் என்று சென்னையில் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள்! இப்போது கால் எழும்பவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கொழுக்கட்டையைப் பிய்த்தாள்.

கல்லுக்கு அந்தப் பக்கம் போட்டாள்.

நாய் கொழுக்கட்டையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. அதட்டுக்குக் காத்திருந்தது.

பிறகு தாண்டியது.

"கல்லுகிட்ட அதட்டலையாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"அதட்டுனேன்க்கா. கேக்கல."

அக்காவுக்கு வந்ததே கோபம். அடுப்பிலிருந்து ஒரு விறகுக் குச்சியை உருவினாள். "காட்டைக் காக்கச் சொன்னா ஊர் பாக்க வந்தியாக்கும்? அங்க பன்னிக்குப் பந்தி போட்டுட்டு, தொரைக்கு இங்க டீ கேக்குதோ?"

முதுகில் ஒன்று விழுந்தது.

நாய் கத்தவில்லை. அவள் கால்களுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டது.

அவள் டீயை ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்தது.

இனிமேல் இதைத் தனியாக அனுப்பவும் முடியாது என்று அக்கா புலம்பினாள். பொழுது சாய்ந்தால் சோலையில் சிறுத்தை நடமாட்டம். நாய் என்றால் அதற்கு விருந்து. இன்றைக்கு மேலே போகிற ஆளும் கிடையாது. காலையில் யாரிடமாவது பிடித்துக் கொடுக்கலாம், அதுவரை கட்டிப்போட வேண்டியதுதான் என்று கயிறு தேடி உள்ளே போனாள்.

கடைசி பஸ் வந்தது.

அவள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தாள். நாயும் முன்னங்கால்களைப் படியில் வைத்தது. நாயெல்லாம் ஏற்ற முடியாது என்றார் கண்டக்டர். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"போடா!"

அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

நாய் கால்களை எடுத்தது. முனகக்கூட இல்லை. திரும்பி, வந்த வழியே, மேட்டுப் பாதையில் நேராக நடந்தது.

அக்கா கயிற்றோடு வெளியே வந்தாள். "கருவாயா!" என்று கூப்பிட்டாள். இன்னொரு தரமும் கூப்பிட்டாள்.

நாய் நிற்கவில்லை.

அக்கா திரும்பி இவளைப் பார்த்தாள்.

"ஒரு அதட்டுக்கே போகுதேம்மா."

மேலே பாதையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா என்று கேட்டார் கண்டக்டர்.

அவள் கை சட்டைப் பைக்குள் இருந்தது. கொழுக்கட்டை ஒன்று மிச்சமிருந்தது.