சாக்கில் ஓர் அட்டை கூடுதல்

மாதக் கடைசியில் சுகாதார அலுவலகத்து மும்பா மோட்டார் சைக்கிளில் வந்து, ஊர்ச் சுகாதாரத் தொண்டர் சிபேசாவின் சாக்கைத் தரையில் கொட்டினான். எல்லாம் அவள் ஊராருக்கு மலேரியா பார்த்த ரத்தப் பரிசோதனை அட்டைகள். அவள் கைப்பேசியில் அனுப்பிய கணக்கும் இவையும் ஒத்துப்போனால்தான் பங்வெயுலு ஏரிக்கரையிலிருக்கும் அந்த ஊருக்கு அடுத்த மாத மாத்திரை வரும்.

ஓர் அட்டை கூடுதலாக இருந்தது. அதில் அவள் கையெழுத்தில் கசூபா என்ற பெயர். மழைக்காலத்தில் மாத்திரை தீர்ந்திருந்தபோது காய்ச்சலில் செத்த பையன். அட்டையில் ரத்தம் காயவில்லை.

"போன மாசமும் இவன் அட்டைதானே அக்கா கூடுதலா இருந்துச்சு. கக்கூஸ் குழியில போட்டேன்னு சொன்ன?"

"போட்டேன்டா. திரும்ப வந்திருக்கு."

"மேல என்னன்னு சொல்றது? செத்தவன் வந்து விரலை நீட்டினான்னா?"

சிபேசா மீன் ஆய்வதை நிறுத்தவில்லை. "குனிஞ்சு எண்ணி எண்ணி முதுகு விட்டுப்போச்சு எனக்கு. அவனையும் நோயாளின்னே எழுதிக்க. கணக்கு சரியாயிடும்."

எழுதினான். ஓர் ஆளுக்கான மாத்திரை கூடுதலாக வந்தது. கசூபாவின் குழிமேட்டில், யாரும் திருடாமலிருக்க ஓட்டை போட்டு வைத்திருந்த அவன் தட்டில், அதை வைத்துவிட்டு வந்தாள். காலையில் பிதுக்கி எடுத்த வெற்று உறை கிடந்தது.

அடுத்த மாதம் சாக்கில் கசூபா இல்லை. ஈரம் காயாத அட்டைகள் நிறைய இருந்தன. மும்பா பெயர்களைப் படித்தான். எல்லாம் அந்த மழைக்காலத்தில் செத்தவர்கள்.

"என்னக்கா இது?"

"மாத்திரை குடுக்கறாங்கன்னு பய போய்ச் சொல்லியிருப்பான்," என்றாள் சிபேசா. "எத்தனை பேருன்னு எண்ணு."